வடையில் கிடந்தது கல் இல்லை, தம்பி

கணியம்பாடியில் சொந்த வீடு கட்டி, வாசலில் இரும்புக் கேட்டு போட்டு, கேட்டில் தன் பெயரையும் எழுதி வைத்திருக்கும் என் கொழுந்தனார் உயர்திரு கிருஷ்ணன் அவர்களுக்கு, ஜவ்வாது மலையிலிருந்து அண்ணி தேவயானி வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இங்கு உங்கள் அண்ணன் ரங்கனும், நானும், மகனும், மருமகள் தேவியும், ஆடு மாடுகளும், என் வாயில் புதுசாய்க் குடிவந்திருக்கும் நாலு பல்லும் சௌக்கியம். அங்கு நீங்களும் ஆனந்தியும் பிள்ளைகளும் அவரவர் சொந்தப் பல்லோடு சௌக்கியமாய் இருக்கக் குலசாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். மரியாதை இதோட போதும் தம்பி. கை வலிக்குது. இனிமே நீ, வா, போ தான்.

முதல்ல ஒண்ண ஒத்துக்கறேன். உன் வூட்டு கிரகப்பிரவேசத்துல பந்தியில உக்காந்துக்கினு, வடையில கல்லு கெடக்குதுன்னு சமையக்காரர் அருணகிரி அண்ணனை நாலு பேர் முன்னாடி கேள்வி கேட்டேன் பாரு, அது கல்லு இல்ல. என் பல்லு. நான் கடிச்ச கடியில அது கழண்டு வடைக்குள்ள போய் உக்காந்துக்குச்சி. மறுவாட்டி கடிக்கறப்ப நறுக்குன்னுது. எனக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சி. ஆனா அதுக்குள்ள வாயி கல்லுன்னு கத்திட்டுது. கத்தின வாயை எப்படித் திருப்பி வாங்கறது? அந்த மனுசன் உளுந்து அலசின பாத்திரத்தைத் தூக்கிக்கினு வந்து, எங்கம்மா கல்லு, காட்டு பார்க்கலாம்னாரு. முழுங்கிட்டேன்னு சொல்லிட்டேன். முழுங்கலை. முந்தியில முடிஞ்சி வச்சிருந்தேன். அன்னிக்கு முழுக்க மூடின வாயைத் திறக்காம போட்டோவுக்கு நின்னேன், வூடு கட்டின சந்தோசத்துல அண்ணிக்குத் தொண்டை அடைச்சிக்கிச்சின்னு உன் பொண்டாட்டி என் கண்ணைத் தொடைச்சி உட்டா. அருணகிரி அண்ணன் அதுலேர்ந்து உளுந்தைச் சல்லடையில போட்டு ஒவ்வொண்ணா பார்த்துத்தான் ஊற வைக்கிறாராம், போன வாரம் மலைக்கு வந்தவங்க சொன்னாங்க. அவரை எங்கனா பார்த்தா, உன் வடையில குத்தம் இல்ல, எங்க அண்ணி வாயிலதான் குத்தம்னு சொல்லிடு. நேர்ல சொல்ல எனக்கு வெக்கமா கீது.

உனக்கு அன்னிக்கே தெரியும்னு எனக்கும் தெரியும். என் வாயப் பார்த்தே, வடையப் பார்த்தே, அவரைப் பார்த்தே, கம்முனு போய் பாயசம் ஊத்தினே. அந்தக் கம்முக்குத்தான் இந்தக் கடிதாசி. போன்ல சொன்னா நடுவுல நீ சிரிப்பே, டவரும் பாறை மேல ஏறினாத்தான் கிடைக்கும், பாறை மேல நின்னு பல்லப் பத்திப் பேசினா ஊரே கேட்கும்.

அது நாலாவது பல்லு தம்பி. மொத மூணும் எப்படிப் போச்சின்னு உனக்கு எப்பவும் சரியா சொன்னதில்ல. பலாக்கொட்டைன்னு சொல்லியிருப்பேன். ஒண்ணு தேன் பாட்டில் மூடியைக் கடிச்சித் திறந்தப்ப போச்சி, ஒண்ணு மாட்டுக் கயித்து முடிச்சை அவுக்கறப்ப போச்சி, இன்னொண்ணு சும்மா கொட்டாவி உடறப்ப போச்சி, அதுக்கு நான் இன்னா பண்றது. எனக்குப் பல்லுன்னா கத்திரி, அரிவாள், ஸ்பேனர் எல்லாம் அதான். இதுல பொகையிலை வேற. நாளெல்லாம் கடவாயில ஒரு உருண்டை. பல்லு போனா சோறு திங்க முடியலையேன்னு அழுவாங்க, நான் அதுக்கு அழுவல. கஞ்சி குடிக்கப் பல்லு எதுக்கு? என் சீட்டி போச்சே, அதுக்குத்தான் அழுதேன்.

நீ கீழ எறங்கிப் போய் வருசமாச்சி, மறந்திருப்பே. நம்ம ரோட்டோரத்துப் புளிய மரத்துல உங்கண்ணன் ஏறி நின்னா, கீழ இருக்கறவங்க பேசறது அவருக்குக் கேட்காது, காத்து பிச்சிக்கினு போய்டும். சீட்டி ஒண்டிதான் போகும். கீழ பொறுக்கறவங்க எல்லாம் ஒதுங்கிட்டாங்கன்னா ரெண்டு சீட்டி, அவர் உலுக்குவாரு. யாரானா குறுக்க வந்துட்டா நீட்டா ஒரு சீட்டி, அவர் நிறுத்திடுவாரு. கல்யாணம் ஆன வருசத்துலேர்ந்து அந்தச் சீட்டி என்னுதுதான். பொம்பளை சீட்டி அடிக்கலாமான்னு கேட்ட உங்க பெரியப்பாவே, அப்புறம் நான் அடிச்சாத்தான் மரத்தடிக்கு வருவாரு. மூணாவது பல்லு போன பங்குனியில, உலுக்கிக்கினு இருக்கறப்ப நம்ம பங்காளி வூட்டு சுந்தரம்மாள் முறத்தைத் தூக்கிக்கினு உள்ள பூந்துட்டா. நான் விரலை வச்சி நீட்டா ஊதினேன். வெறும் காத்துதான் வந்துச்சி, அடுப்பு ஊதற மாதிரி. மேல அவர் நிறுத்தல. பட்டுப்போன கொம்பு ஒண்ணு முறிஞ்சி வந்து அவ கையில இருந்த முறத்தை ரெண்டா பொளந்துட்டுது. முறத்துக்கு அந்தாண்ட அவ தலை. எல்லாரும் சிரிச்சோம், அவளும் சிரிச்சா. கொஞ்ச நேரம் கழிச்சி யாருக்கும் சிரிப்பு வரல.

உங்கண்ணன் எறங்கி வந்து அந்தக் கொம்பைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தல. உன் சீட்டி இல்லாம இனி நான் ஏறலன்னுட்டு வூட்டுக்குப் போய்ட்டாரு. அவ்ளோதான். அவர் ஏறலன்னா வேற யாரு அந்த உச்சிக் கொம்புக்குப் போறது? மரம் எங்க நாலு குடும்பத்துக்கும் பொது, வருசத்துக்குக் கையில வர்ற காசே அதான். இதைக் கேள்விப்பட்டு படவேட்டு ஏவாரி ஒருத்தன் வந்து, மரத்தை மொத்தமா எனக்கே வுட்டுடுங்க, நான் என் ஆளை வச்சி உலுக்கிக்கறேன்னு சிரிச்சிக்கினே நின்னான். அவனுக்கு முப்பத்திரெண்டு பல்லும் இருந்துச்சி, பாவி.

சுந்தரம்மாள் உட்டுடுவாளா? சந்தையில போய் பச்சைக் கலர்ல ஒரு பிளாஸ்டிக் விசிலை வாங்கினு வந்துட்டா. நானே ஊதறேன், இனி தேவயானி புளி பொறுக்கட்டும்னு. உங்கண்ணனைக் கையைப் புடிச்சி கெஞ்சி சின்ன மரத்துல ஏத்தினாங்க. அவ மரத்தடியில நின்னு ஜம்முனு ரெண்டு தபா ஊதினா. அந்நேரம் வேலூர் பஸ்சு நம்ம வளைவுல நின்னு ஆளை ஏத்திக்கினு இருக்குது, கண்டக்டர் கீழ எறங்கி யாருதோ பலாப்பழத்தைப் பின்னாடி ஏணியில கட்டிக்கினு இருக்காரு. டிரைவருக்கு இன்னா தெரியும்? ரெண்டு விசில், போலாம் ரைட்டுன்னு எடுத்துட்டாரு. கண்டக்டர் பலாப்பழத்தோட ஓடினாரு. பலாப்பழம் அவரை விட வேகமா ஓடுச்சி, சரிவு அந்தப் பக்கம். அதுக்கப்புறம் டிரைவர் ஒரே பேச்சா சொல்லிட்டாரு, இந்த வளைவுல இனிமே பிளாஸ்டிக் விசிலை நம்ப மாட்டேன், கண்டக்டர் விரலை வாயில வச்சி சீட்டி அடிச்சாத்தான் வண்டியை எடுப்பேன், வாய்ச் சீட்டி இங்க வேற எவனுக்கும் வராதுன்னு. அதைக் கேட்டப்ப எனக்கு வயித்தெரிச்சல். நான் ஒருத்தி பல்லு இல்லாம நிக்கறது ஊருக்கே தெரிஞ்சி போச்சேன்னு. சுந்தரம்மாள் விசிலை மாட்டுக் கழுத்துல கட்டிட்டா.

இந்த நெலமையிலதான் உன் வடை வந்துச்சி. அப்புறம் நீ ஐப்பசியில வந்து, அண்ணி, அமிர்தி பார்க்குல மயிலு பார்த்துட்டு வரலாம் வாங்கன்னே. மலைக்காரிக்கு மயிலைக் காட்டறேன்னு சொன்னப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும். தெனம் என் சாமைக் கொல்லையை மேயறது இன்னா, கோழியா? வண்டி அமிர்தியில நிக்காம நேரா போறப்ப கேட்டேன், மயிலு வேலூருக்கு மாத்தல் ஆயிடுச்சின்னே. பல்லு ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி உட்டப்ப உன்னை நான் திட்டின திட்டு, அந்தத் தெருவுல டீ குடிச்சவங்க கிளாசைக் கீழ வச்சிட்டாங்க. அந்தத் திட்டை எல்லாம் இப்ப வாபஸ் வாங்கிக்கறேன். உங்கம்மாவைப் பத்திச் சொன்னதை மட்டும் வாங்கல, அது வேற கணக்கு.

டாக்டரம்மா ரம்யா தங்கமான பொண்ணு. என் வாயைத் திறந்து பார்த்துட்டு ஒரு கண்ணாடியை என் கையில குடுத்து என்னையே பார்க்கச் சொன்னா. நான் முகத்தைத்தான் கண்ணாடியில பார்த்திருக்கேன், வாயி உள்ள பார்த்ததில்ல. சொல்றேன் கேளு, மாட்டுத் தொழுவத்தைக் கூட நான் அப்படி வச்சிக்கினதில்ல. கடவாய்ப் பக்கம் பொகையிலை கருப்பு, பல்லு இடுக்குல காறை கல்லாட்டம் ஏறிக் கெடக்குது, ஈறு வீங்கி சேப்பா நிக்குது. போன பல்லைப் பத்தி அப்புறம் பேசலாம்மா, இருக்கறதுல இன்னும் ரெண்டு ஆடுது, மொதல்ல அதைக் காப்பாத்துவோம்னா. எனக்குச் சட்டுனு புரிஞ்சிது. சரிவுல மண்ணை மழை அரிச்சிட்டா எவ்ளோ பெரிய மரமும் சாயும். மரத்தைப் புடிச்சிக்கினு அழுது இன்னா ஆகும், மண்ணைக் கட்டணும். அப்படித்தான் ஈறு. காறையை எல்லாம் சொரண்டி எடுத்தா, நம்ம காட்டு வழியில கெடக்கற கல்லு அவ்ளோ வந்துச்சி. நாக்குக்கு வாயி பெருசான மாதிரி இருந்துச்சி, உள்ள எதிரொலி கேட்குது.

பொகையிலையை உட்டா பல்லு கட்டறேன், இல்லன்னா கட்டறது வேஸ்டுன்னுட்டா. உட்டுட்டேன் தம்பி. சுலபமா உட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் வூட்ல எல்லார் மேலயும் வுழுந்து புடுங்கினேன். சீட்டி இல்லாம ஏறலன்ன உங்கண்ணன், இதுக்கு ஒண்டி ஏறி, என் பொகையிலைச் சுருக்குப் பையை எடுத்துக்கினு போய் புளிய மரத்து உச்சியில கட்டிட்டு வந்துட்டாரு, வேணும்னா ஏறி எடுத்துக்கன்னு. கடவாய்க்கு இப்ப நெல்லி வத்தல். ராத்திரியும் பல்லு விளக்கறேன். ஆனந்தி அனுப்பின பிரஷ்ஷும் பேஸ்ட்டும்தான். சாமிக்குக் கூட ரெண்டு வேளை விளக்கு ஏத்தினதில்ல, பல்லுக்கு ரெண்டு வேளை பூசை நடக்குது.

ஈறு ஆறினப்புறம், இந்தப் பல்லை வச்சி இன்னா பண்ணணும்னு ஆசைப்படறீங்கன்னு டாக்டரம்மா கேட்டா. எல்லாரும் கறி திங்கணும், சிரிக்கணும்னு சொல்வாங்களாம். சீட்டி அடிக்கணும்னேன். அவ எழுதிக்கினு இருந்த பேனாவை வச்சிட்டு, இன்னா சீட்டின்னா. உலுக்கற சீட்டி, நிறுத்தற சீட்டின்னு முறத்துக் கதையிலேர்ந்து எல்லாத்தையும் சொன்னேன். சிரிப்பான்னு பார்த்தேன், சிரிக்கல. எழுந்து கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தா. இப்போதைக்கு ஈறு கெட்டிப்படற வரைக்கும் கழட்டி மாட்டற செட்டு, அப்புறமா நிரந்தரமா கட்டிக்கலாம்னு சொல்லி, மொதல்ல மெழுகுல பல்லை வச்சிப் பார்த்தா. எங்க ஊதுங்கன்னா. ஊதினேன். மெழுகுப் பல்லு வாயிலேர்ந்து கெளம்பி, அடுத்த நாற்காலியில வாயைத் திறந்துக்கினு படுத்திருந்த ஒரு பெரியவர் மடியில போய் வுழுந்துச்சி. அவர் அதை எடுத்துப் பார்த்துட்டு, இது என்னுது இல்லம்மான்னு நர்சு கிட்ட குடுத்தாரு. டாக்டரம்மா அலுக்காம அதை ராவி, ஒட்டி, கொக்கியை இறுக்கி, மறுபடி ஊதச் சொன்னா. உன்னைக் கூட ஒரு தபா உள்ள கூப்பிட்டு, உங்க அண்ணி பழைய சத்தம் இப்படித்தான் இருக்குமான்னு கேட்டாளே, நீ அங்க நின்னு அடிச்சிக் காட்டினே பாரு, ஆஸ்பத்திரி வாட்ச்மேன் ஓடியாந்துட்டாரு. எத்தனை தபா எனக்காக வேலைக்கு லீவு போட்டே, நான் கேட்டப்பல்லாம் சும்மா இருந்தேன்னே. உன் பொண்டாட்டி எனக்குப் புடிக்கும்னு கேப்பைக் கூழு கரைச்சி டப்பாவுல குடுத்தனுப்புவா. கூடப் பொறந்தவங்க செய்வாங்களா, சொல்லு. எனக்கு எழுத வரல இதெல்லாம், நீயே கொஞ்சம் கூடப் போட்டுப் படிச்சிக்க.

செட்டு வந்தப்புறம் இங்க நடந்தது ஒரு கூத்து. பக்கத்து வூட்டு மங்கம்மாளை உனக்குத் தெரியும். அவ பொண்ணு சீமந்தத்துக்கு என்கிட்ட கம்மல் எரவல் வாங்கறது எப்பவும் உள்ளது. கம்மலைக் குடுத்தேன். அப்படியே அந்தப் பல்லையும் குடு தேவயானி, போட்டோ எடுக்கற நேரம் ஒண்டி மாட்டிக்கினு கழுவிக் குடுத்துடறேன்னா. இல்ல அக்கா, அது என் வாயி அளவுன்னேன். உன் கம்மலு கூட உன் காது அளவுதான், நான் போடலியான்னா. அதை இன்னும் யோசிச்சிக்கினு இருக்கேன். நம்ம மருமக தேவி பொறுப்பான பொண்ணு, அதான் அவகிட்ட தொல்லை. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு, சொம்பு எல்லாம் புளி போட்டு விளக்கறப்ப, டம்ளர் தண்ணியில கெடந்த என் பல்லையும் எடுத்து நல்லா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சி, வெய்யில்ல கவுத்து வச்சிட்டா. புளி எடுக்கற ஊரு, இங்க எதை விளக்கணும்னாலும் கை புளிக்குத்தான் போகும். வெள்ளையா இருந்த பல்லு வரிவரியா சொரசொரன்னு ஆயிட்டுது, உதட்டைக் கிழிச்சிது. அடுத்த வாட்டி போனப்ப டாக்டரம்மா பார்த்துட்டு, இதை எதால விளக்கினீங்கன்னு மெதுவா கேட்டா. புளின்னதும் தலையில கையை வச்சிக்கினா. அப்புறம் பாலிஷ் போட்டுக் குடுத்து, சாதா தண்ணி, மெத்துனு ஒரு பிரஷ், புளி கூடாது, சாம்பல் கூடாது, கொதிக்கிற தண்ணி கூடவே கூடாதுன்னு தேவிக்கே போன்ல சொல்லிட்டா. இப்ப தேவி அதைக் கொழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி குளிப்பாட்டறா.

இந்த மாசியில மொத உலுக்கு. படவேட்டு ஏவாரி அன்னிக்கும் வந்து ரோட்டோரமா பைக்குல உக்காந்துக்கினான், நாங்க தோத்துட்டா அங்கியே பேசி முடிச்சிடலாம்னு. சுந்தரம்மாள் புது முறத்தைத் தலைக்கு மேல புடிச்சிக்கினு நின்னா, என்னை நம்பாதவ மாதிரி. உங்கண்ணன் மரத்தை ஒரு தபா தொட்டுக் கும்பிட்டுட்டு ஏறிட்டாரு. என்னைப் பார்க்கவே இல்ல. எல்லாரும் ஒதுங்கினாங்க. விரலை மடக்கி வச்சி ஊதினேன். காத்து. அடுப்பு ஊதற அதே காத்து. செட்டு மேல எழும்பறது நாக்குல தெரியுது. பைக்குக்காரன் செருமினான். அப்பத்தான் டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சி, வாயி காய்ஞ்சிருந்தா செட்டு நிக்காது, தண்ணி கொப்பளிச்சிட்டு, நாக்கு நடுவால மேல அழுத்திக்கினு ஊதுங்கன்னு. தேவி சொம்போட பக்கத்துலயே நின்னா, அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்குது. கொப்பளிச்சேன், அழுத்தினேன், ஊதினேன்.

வந்துச்சி பாரு. ரெண்டு. மரத்துல இருந்த கிளியெல்லாம் கெளம்பிப் போச்சி, மூணாவது வூட்டு நாய் ஓடியாந்து நின்னுது, விசில் கட்டின மாடு திரும்பிப் பார்த்துச்சி. ஆனா மேலேர்ந்து ஒரு புளி வுழல. கேட்கலையோன்னு அண்ணாந்து பார்த்தா, உங்கண்ணன் கொம்பைக் கட்டிப் புடிச்சிக்கினு அப்படியே நிக்கறாரு. காத்து ஒரு நிமிசம் நின்னப்ப அவர் கொரலு கீழ வந்துச்சி.

"இன்னொரு தபா அடி."

அடிச்சேன். அப்புறம்தான் உலுக்கினாரு. எறங்கினப்புறம் கண்ணு சேப்பா இருந்துச்சி, இன்னா மாமான்னேன், புளித் தூசுன்னாரு. சரி, தூசுதான். சுந்தரம்மாள் வந்து என் தாடையைப் புடிச்சித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, அடியே, உன் பழைய பல்லை விட இது நல்லா கூவுதுடி, முன்னாடியே புடுங்கிப் போட்டிருந்தா என் முறம் பொழைச்சிருக்கும்னா. ஏவாரி பைக்கை உதைச்சிக்கினு போனான். மரம் எங்ககிட்டதான் கீது. இதெல்லாம் உன்னாலதான். மயிலு காட்டறேன்னு பொய் சொன்ன அந்த வாயிக்குச் சக்கரை போடணும், ஆனா போட மாட்டேன், சக்கரை பல்லுக்கு ஆகாதாம்.

நீ சிரிக்கறப்ப வலது கடவாப் பக்கம் கருப்பா ஒண்ணு தெரிஞ்சிது. அந்தப் பாக்குப் பொட்டலத்தை ஆனந்திக்குத் தெரியாம எங்க ஒளிக்கிறேன்னும் எனக்குத் தெரியும், கேட்டுக்குப் பின்னால பூந்தொட்டியில. ஆடறதுக்கு முன்னாடி போய் காட்டிடு. இல்லன்னா ஒரு நாளைக்கு நான் வந்து, தம்பி, வேலூர் கோட்டையில மீனு காட்டறேன் வான்னு கூப்பிடுவேன். நீயும் நம்பிக்கினு வருவே.

உன் கேட்டு துருப்பிடிக்காம, உன் வூட்டுச் செவுரு விரியாம, உன் வாயில ஒரு பல்லும் அசையாம, நீயும் ஆனந்தியும் பிள்ளைங்களும் கெழவன் கெழவி ஆனப்புறமும் கரும்பு கடிச்சித் துப்பணும்னு அண்ணியோட ஆசீர்வாதம். கொட்டை எடுத்த புது புளி ஒரு பை இந்தக் கடிதாசியோட வருது. ரெண்டையும் பஸ் கண்டக்டர் கிட்ட குடுத்தனுப்பறேன். கணியம்பாடி ஸ்டாப்புல வந்து வாங்கிக்கன்னு பாறை மேல ஏறி போன்ல சொல்லிடறேன். அருணகிரி அண்ணனுக்கு அதுல பாதி குடு, வடைக் கணக்குக்கு.

இப்படிக்கு, உன் பல்லுள்ள அண்ணி,
தேவயானி

பின்குறிப்பு: புளி வரல. அதாவது வருது, ஆனா தனியா வருது. பஸ்சு வளைவுல வந்து நின்னுது, தேவி பையை மேல ஏத்தினா, கண்டக்டர் கடிதாசியை வாங்கிக்க மரத்தடிக்கு எறங்கி வந்தாரு. அந்நேரம் உங்கண்ணன் மேல தயாரா இருந்தாரு, கீழ எல்லாரும் ஒதுங்கிட்டாங்க, நான் ரெண்டு சீட்டி அடிச்சேன். டிரைவர் வண்டியை எடுத்துட்டாரு. கண்டக்டர் இப்ப எங்க வூட்ல சாமைக் கஞ்சி குடிக்கிறாரு. அடுத்த பஸ்சு சாயங்காலம்தான், அதுல இந்தக் கடிதாசியோட வருவாரு. டிக்கெட்டுப் பை இவர் தோள்லயே கீது. நீ நாளைக்கு அந்த டிரைவர் கிட்ட புளியை வாங்கப் போறப்ப, இன்னிக்கு பஸ்சுல வந்தவங்களுக்கு யாரும் டிக்கெட் குடுக்கலன்னு சொல்லிடு.